கரியும் சாட்சியும்

பழந்தமிழில் 'கரி' என்ற சொல்லுக்குச் சாட்சி என்றும் ஒரு பொருள் உண்டு. புலன்களை அடக்கியவரின் ஆற்றலுக்கு இந்திரனைச் சாட்சியாக நிறுத்தும் 25ஆம் குறளில் வள்ளுவர் ஆளும் சொல் அதுதான். தற்செயலாகக் குறுந்தொகையின் 25ஆம் பாட்டும் சாட்சியைப் பற்றியதே. தன்னைக் கூடியவன் சொன்ன சொல்லை மறுத்துவிட்டால் என்ன செய்வேன் என்று கபிலரின் தலைவி கலங்குகிறாள். அன்று அங்கே வேறு யாரும் இல்லை. ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகக் காத்து நின்ற ஒரு குருகு மட்டும் இருந்தது. அது பார்த்திருக்கலாம். ஆனால் அதன் கண் மீன்மேல். அதற்குப் பேச்சும் இல்லை.

கரி என்றால் இன்று நமக்கு அடுப்புக்கரி. அதிலிருந்து உருவான கலைச்சொல் கரிமம், அதாவது கார்பன். கண்டல் காடுகள் எவ்வளவு கரிமத்தை உள்வாங்கி வைத்திருக்கின்றன என்று அளப்பது இன்று ஒரு தனித்துறை. 2009இல் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு 'நீலக் கரிமம்' என்ற பெயர் பரவியது. காடு தன் உடம்பில் வைத்திருக்கும் கரிமம் ஒருவகையில் அந்த இடத்தின் வரலாற்றுக்குச் சாட்சி. அந்தச் சாட்சியை விசாரிப்பவர்கள் என்ன கேட்கிறார்கள், எதைக் கேட்காமல் விடுகிறார்கள் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். நான் அறிவியல் படித்தவள் அல்ல. ஒரு பிரதியில் யார் பேசுகிறார்கள், யாருடைய பேச்சு இல்லை என்று பார்ப்பது என் தொழில். கணக்கையும் ஒரு பிரதியாக வாசிக்கலாம் என்று நம்புகிறேன்.

இந்த வாசிப்பு வகுப்பறையில் தொடங்கியது. நெய்தல் திணை நடத்திக்கொண்டிருந்தேன். கண்டல் என்றால் என்ன என்று கேட்டார்கள். கண்ணமங்கலத்துப் பெண்களுக்குக் கடல் வெகு தொலைவு. தறிச் சத்தம்தான் அருகில். பிச்சாவரத்தைச் சொன்னேன். படகில் போகிற இடம் என்று பாதிப் பேருக்குத் தெரிந்திருந்தது. கரிமம் அளக்கிற கதையையும் சொன்னேன். மரத்தைச் சுற்றளவு பார்த்து, சேற்றைத் தோண்டி எடுத்து, உலர்த்தி எடை போடுவார்கள் என்றதும், ஒரு நெசவாளர் வீட்டுப் பெண் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "எங்க வீட்லயும் எடைதான் மேடம். பட்டு எடை போட்டுக் குடுப்பாங்க, சேலைய எடை போட்டு வாங்குவாங்க. எங்கம்மா சுத்துற தாருக்கு மட்டும் எடையே கெடையாது."

அந்தச் சிரிப்பைக் கடந்து பாடத்துக்குத் திரும்ப முடியவில்லை. பாவுப் பட்டும் ஊடைப் பட்டும் ஜரிகையும் கிராம் கணக்கில் தறிக்கு வருகின்றன. நெய்த சேலை கிராம் கணக்கில் திரும்பிப் போகிறது. எடை குறைந்தால் கூலியில் பிடித்தம். இந்தக் கணக்கில் பொய் இல்லை. ஆனால் ராட்டையில் உட்கார்ந்து தார் சுற்றுகிறவளும், பழைய பாவின் நுனியோடு புதிய பாவை இழை இழையாகப் பிணைத்துத் தருகிறவளும் எந்தத் தராசிலும் ஏறுவதில்லை. சேலைக்கு ஒரு கூலி. அது தறியில் உட்கார்ந்தவர் பேரில். கணக்கு சரியாக இருக்கும்போதே அதற்குள் ஒருத்தி காணாமல் போக முடியும்.

இனி காட்டுக்கு வருவோம். கண்டல் காட்டில் கரிமம் அளப்பது எளிய வேலை அல்ல. முதலில் காட்டுக்குள் சிறு சிறு வட்டங்களைக் குறிப்பார்கள். அதற்குள் உள்ள ஒவ்வொரு மரத்தின் தண்டையும் அளக்க வேண்டும். பொதுவாகத் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில், நெஞ்சளவில், நாடா பிடிப்பார்கள். சுரபுன்னைக்கு இந்த விதி செல்லாது. அது தாங்குவேர்களை ஊன்றி நிற்பது. எனவே மேல்வேர் முடிகிற இடத்துக்கு 30 சென்டிமீட்டர் மேலே அளப்பார்கள். வெண்கண்டலுக்கு அந்தச் சிக்கல் இல்லை. அது மூச்சுவேர்களைச் சேற்றுக்கு மேலே குச்சிகளாக நீட்டுவது. தண்டின் விட்டத்தையும் அந்த இனத்தின் மர அடர்த்தியையும் ஒரு சமன்பாட்டில் இட்டால் மரத்தின் உலர் எடை கிடைக்கும். அதில் ஏறக்குறையப் பாதி கரிமம். மரத்தை வெட்டாமலே எடை போடும் வழி இது.

ஆனால் கண்டல் காட்டின் பெரிய சேமிப்பு மரத்தில் இல்லை, சேற்றில். அலை ஏறி இறங்கும் நிலத்தில் மண் எப்போதும் நீர் கோத்துக் கிடக்கிறது. அங்கே ஆக்சிஜன் நுழைவது அரிது. அதனால் விழுந்த இலையும் இறந்த வேரும் மெதுவாகத்தான் மட்குகின்றன. ஆறு கொண்டுவரும் வண்டல் அவற்றின்மேல் படிகிறது. எனவே ஒருபக்கம் திறந்த குழாயைச் சேற்றில் இறக்கித் திருகி, மண்ணை முழுசாக வெளியே எடுக்கிறார்கள். ஒரு மீட்டர் ஆழம் வரைக்குமாவது எடுத்து, மேல் 15 சென்டிமீட்டர், அடுத்த 15 என்று ஆழவாரியாகப் பிரித்து, 60 பாகை வெப்பத்தில் உலர்த்தி, அடர்த்தியையும் கரிம விழுக்காட்டையும் பார்க்கிறார்கள். கிடைக்கும் கரிம எடையை 3.67ஆல் பெருக்கினால் அது கார்பன் டை ஆக்சைடு கணக்காகிறது. சந்தைக்குப் போவது இந்த எண்.

2011இல் டேனியல் டொனாட்டோவும் உடன் ஆய்வாளர்களும் நேச்சர் ஜியோசயின்ஸ் இதழில் வெளியிட்ட கட்டுரை இத்துறையின் திருப்புமுனை. இந்திய-பசிபிக் வட்டாரத்தில் 25 கண்டல் காடுகளை அளந்து, ஒரு ஹெக்டேரில் சராசரி 1,023 டன் கரிமம் இருப்பதாகச் சொன்னார்கள். அதில் பெரும்பங்கு மண்ணில். அதே ஆண்டு வந்த மற்றோர் ஆய்வுத் தொகுப்பு, கண்டல் மண்ணில் ஆண்டுதோறும் புதிதாகப் புதையும் கரிமத்தைச் சராசரியாகச் சதுர மீட்டருக்கு 226 கிராம் என்றது. ஹெக்டேருக்குச் சுமார் இரண்டேகால் டன். முதல் எண் இருப்பு, இரண்டாவது வரவு. இரண்டையும் குழப்பிக்கொண்டு எழுதப்படும் செய்திகள் ஏராளம். இருப்பை வரவால் வகுத்தால் 450 ஆண்டுகள் வருகிறது. இது வெறும் வகுத்தல்தான், எந்த ஒரு காட்டின் வயதும் அல்ல. ஆனாலும் ஓரிடத்தில் காட்டை அழித்துவிட்டு வேறிடத்தில் கன்று நட்டு ஈடுகட்டுகிறோம் என்பவர்களிடம் கேட்க ஒரு நல்ல கேள்வி அதில் இருக்கிறது.

இந்த அளவீட்டை நான் மதிக்கிறேன். சேறு என்றும் முள்ளுப்புதர் என்றும் ஒதுக்கி, இறால் பண்ணைக்கும் துறைமுகத்துக்கும் கொடுத்த நிலத்துக்கு மதிப்பு உண்டு என்று எண்ணால் நிறுவியது அது. இந்திய வன நிலை அறிக்கை 2021இன்படி நாட்டின் கண்டல் பரப்பு 4,992 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டுக்கு 45 மட்டுமே. அந்தக் கொஞ்சத்தைக் காப்பாற்ற எண் உதவுமானால் உதவட்டும். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம், வெள்ளாற்று முகத்துவாரத்தில் நட்டு வளர்த்த சுரபுன்னையையும் வெண்கண்டலையும் வயதுவாரியாக அளந்து ஒப்பிட்டிருக்கிறது. அது பொறுமை வேண்டுகிற வேலை.

என் கேள்வி அளவின் துல்லியத்தைப் பற்றியது அல்ல. அதன் இலக்கணத்தைப் பற்றியது.

ஆய்வுக்கட்டுரைகளில் முறையியல் பகுதி செயப்பாட்டு வினையில் எழுதப்படுவது வழக்கம். தண்டு அளக்கப்பட்டது. மண் எடுக்கப்பட்டது. எழுவாய் மறைந்துவிடுகிறது. தொடைவரை சேற்றில் புதைந்து நாடா பிடித்தது யார், வழி காட்டியது யார், எந்த ஓடையில் எந்த நேரம் நீர் வற்றும் என்று சொன்னது யார்? இலக்கணம் படித்தவர்களுக்குத் தோன்றா எழுவாய் புதிதல்ல. வாக்கியத்தில் தோன்றாவிட்டாலும் அது உண்டு என்று நாமே சொல்லிக்கொடுக்கிறோம்.

பிச்சாவரத்தின் ஓடைகளில் இருளர் குடும்பங்கள் இறால் பிடிக்கின்றன. பெண்களும் ஆண்களும் நீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவிப் பிடிக்கும் முறை அது. ஓலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டால் இரண்டு கைகளும் தேடலுக்குக் கிடைக்கும். எந்த வேரடியில் இறால் பதுங்கும் என்பது விரல்நுனியின் அறிவு. மண்ணை ஆழவாரியாகப் பிரிக்கும் குழாய்க்கு முன்பே அந்த விரல்கள் அந்தச் சேற்றைப் படித்திருக்கின்றன. அந்தப் படிப்புக்கு அட்டவணையில் பத்தி இல்லை. இந்தக் காட்டின் சேற்றில் என்ன இருக்கிறது என்று விசாரித்தால் முதல் சாட்சியாக அழைக்கப்பட வேண்டியவர்கள் அவர்கள்.

இதோடு நின்றால் இது வெறும் விடுபடல். கணக்குக்குள் இன்னும் இறங்கினால் வேறொன்று தெரிகிறது. கரிமத்தை அளப்பது ஒரு படி. அதைச் சந்தையில் விற்கும் வரவாக்குவது அடுத்த படி. அதற்கு இரண்டு விதிகள் முக்கியம். முதலாவது, 'கூடுதல்' என்ற விதி. திட்டம் வராவிட்டாலும் நடந்திருக்கக்கூடிய எதற்கும் வரவு கிடையாது. ஏற்கெனவே இருக்கும் நிலையை 'அடிப்படை' என்று எடுத்துக்கொண்டு, அதற்கு மேல் சேர்வதைத்தான் எண்ணுவார்கள். கணக்கு நேர்மையாக இருக்க இந்த விதி தேவை. இல்லையென்றால் சும்மா இருந்த காட்டைக் காட்டிப் பணம் கேட்பார்கள். ஆனால் அதன் மறுபக்கத்தைப் பாருங்கள். தலைமுறைகளாக ஒரு காட்டை வெட்டாமல், அளவோடு எடுத்து வாழ்ந்த ஊருக்கு வரவு இல்லை. அவர்களுடைய அக்கறை முழுதும் 'அடிப்படை'க்குள் கரைந்துவிடுகிறது. வழக்கமாகச் செய்து வருவது என்பதாலேயே அது வேலை ஆகாமல் போகிறது. வீட்டு வேலைக்கு நேர்ந்ததும் இதுதான் அல்லவா? தினமும் சோறு பொங்குகிறவளின் வேலை வீட்டின் அடிப்படை நிலை. என்றோ ஒருநாள் பொங்குகிறவனின் வேலை கூடுதல்.

இரண்டாவது விதி 'கசிவு'. காட்டைப் பாதுகாத்தால் அங்கே விறகு எடுத்தவர்கள் வேறு இடத்துக்குப் போவார்கள். அங்கே ஏற்படும் இழப்பைக் கணக்கிட்டு வரவில் கழிக்க வேண்டும். விறகு பொறுக்குவது நம் கிராமங்களில் பெரும்பாலும் யார் வேலை? கரிமக் கணக்கில் ஓர் ஏழைப் பெண் நுழைவதற்கு இருக்கிற வாசல் இதுதான், கழித்தல் குறியோடு. அவள் காத்தது எண்ணப்படுவதில்லை. அவள் எடுத்தது எண்ணப்படுகிறது.

இந்தக் கழித்தல் குறி வரலாற்றிலும் தவறாகப் போடப்பட்டதுண்டு. காடு சீரழிந்தது என்றதும் விறகும் மாடும்தான் முதலில் நினைவுக்கு வரும். பிச்சாவரத்தில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் 1990களில் செய்த வேலை வேறு காரணத்தைக் காட்டியது. ஆங்கிலேயர் காலம் தொட்டு வனத்துறையே பகுதி பகுதியாகக் காட்டை மொட்டையாக வெட்டி விற்றது. நிழல் போனதும் சேற்றின் ஈரம் வற்றி மண் அமிழ்ந்து தொட்டிபோல் ஆனது. அதில் தேங்கிய கடல்நீர் ஆவியாகி உப்பு ஏறியது. உப்பில் கன்று முளைக்கவில்லை. கோளாறு என்னவென்று தெரிந்தபின், மீன்முள் வடிவில் கால்வாய் வெட்டி அலைநீரை உள்ளே விட்டு வெளியேற்றினார்கள். உப்பு இறங்கியது, நட்ட கன்றுகள் பிடித்தன. சுள்ளி பொறுக்கியவள்மேல் போடத் தயாராக இருந்த பழி, உண்மையில் அரசின் கோடரிக்கு உரியது.

நியூசிலாந்தின் மேரிலின் வாரிங் 1988இல் எழுதிய 'பெண்கள் எண்ணப்பட்டால்' என்ற பொருள்படும் நூலில், நாடுகளின் வருமானக் கணக்குக்கு வெளியே நிற்பவை இரண்டு என்று காட்டினார்: பெண்களின் கூலியில்லா உழைப்பு, இயற்கை. இப்போது இயற்கைக்குக் கதவு திறந்திருக்கிறது. அதுவும் டன் கணக்கில். கூடவே வெளியே நின்றவள் இன்னும் வெளியிலேயே நிற்கிறாள். அவளை அளக்க முடியாது என்பது காரணம் அல்ல. 2019இல் நடந்த இந்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு, கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளுக்குச் சராசரி 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாக எண்ணிச் சொன்னதே!

பெண்களை உள்ளே சேர்த்துக்கொண்ட முயற்சிகளும் உண்டு. அவற்றையும் வாசிக்க வேண்டும். 2015இல் இலங்கை தன் கண்டல் காடுகள் அனைத்தையும் பாதுகாக்கும் திட்டத்தை அறிவித்தது. சீக்காலஜி என்ற அமெரிக்க அமைப்பும் சுதீச என்ற இலங்கை அமைப்பும் அரசோடு கைகோத்தன. 1,500 கரையோரக் குடியிருப்புகளில் 15,000 ஏழைப் பெண்களுக்குத் தொழிற்பயிற்சியும் சிறுகடனும் தருவது, பதிலுக்கு அவர்கள் அருகிலுள்ள கண்டலைக் காப்பது என்பது ஏற்பாடு. பெண்களைக் காவலர்களாக ஏற்றது பெரிய விஷயம். ஆனால் கடன் கூலி அல்ல. காவல் வேலைக்குச் சம்பளம் தருவதற்குப் பதில், திருப்பிக் கட்ட வேண்டிய பணத்தைத் தருவது பெண்களிடம் மட்டுமே செல்லுபடியாகிற பேரம். சுயஉதவிக் குழுக்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது நன்றாகவே புரியும்.

கென்யாவின் காசி வளைகுடாவில் மிக்கோக்கோ பமோஜா என்ற ஊர்த் திட்டம் 117 ஹெக்டேர் கண்டலைக் காத்து, ஆண்டுக்குச் சுமார் 3,000 டன் வரவை விற்கிறது. பணம் குடிநீருக்கும் பள்ளிக்கும் போகிறது. கசிவு என்ற சிக்கலுக்கு அங்கே கண்ட விடை எளிது: விறகுக்கென்று சவுக்குத் தோப்பு போட்டார்கள். விறகெடுப்பவளை இழப்பாக எழுதுவதற்கு முன், அவளுக்கு விறகு வேண்டும் என்பதை ஒப்புக்கொண்டார்கள். தண்ணீர்க் குழாய் வந்தால் குடம் தூக்கி நடக்கிற நேரம் யாருக்கு மிஞ்சும் என்று விளக்க வேண்டியதில்லை.

நம் நாட்டில் 2023 ஜூன் 5 அன்று தொடங்கிய மிஷ்டி திட்டம் சுமார் 540 சதுர கிலோமீட்டரில் கண்டல் வளர்ப்பை இலக்காகக் கொண்டது. அதன் பெயரிலேயே, கையில் தொட்டுப் பார்க்கக்கூடிய வருமானம் என்ற வாக்குறுதி இருக்கிறது. நூறு நாள் வேலைத் திட்ட நிதியையும் காடு வளர்ப்பு ஈட்டு நிதியையும் இணைத்துச் செய்வதாக அறிவித்தார்கள். தமிழ்நாட்டின் நூறு நாள் வேலையில் பெரும்பான்மையினர் பெண்கள். அப்படியானால் கன்றுப் பையில் சேறு நிரப்பிய கைக்கு வருவது அன்றைய கூலி. அதன்பின் நூறாண்டு நிற்கப்போகிற மரத்தின் கரிமம் யாருடையது? இதை நடும்போதே கேட்க வேண்டும். வளர்ந்தபின் கேட்டால், அது அடிப்படை ஆகியிருக்கும்.

இங்கே என் துறைக்கும் ஒரு பங்கு இருக்கிறது. தொல்காப்பியர் கருப்பொருள் என்று தொகுத்தபோது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் ஆகியவற்றை ஒரே வரிசையில் வைத்தார். அதுவும் ஒரு சட்டகம்; நிலத்தை எண்ணுகிற ஒரு முறை. அதில் மரத்தை உணவிலிருந்தும் தொழிலிலிருந்தும் பிரிக்கவில்லை. கண்டலை ஊருக்கு வேலியாகப் பார்த்த பாடல்கள் நற்றிணையில் இருக்கின்றன. கரிமக் கணக்கு அந்த வரிசையிலிருந்து மரத்தையும் மண்ணையும் மட்டும் எடுத்துக்கொண்டது. ஆனால் பழையதைத் தூக்கிப் பிடித்து நிறுத்திக்கொள்வதும் நேர்மை ஆகாது. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். உப்பு விற்றவளும் மீன் உணக்கியவளும் கருப்பொருளில் தங்கிவிட, கரையில் நின்று ஏங்குகிறவளே பாட்டின் உயிர் என்று உரைகள் நமக்குக் கற்றுத்தந்தன. நானும் அப்படியே பல ஆண்டு நடத்தினேன்.

நற்றிணையின் 45ஆம் பாட்டை இப்போது வேறாக வாசிக்கிறேன். தேரில் வருகிற செல்வனைப் பார்த்துத் தோழி பேசுகிறாள். இவள் மீன்பிடிப்பவர் மகள். நாங்கள் சுறாவை அறுத்துக் காயவைத்துப் பறவை ஓட்டுகிறவர்கள். எங்கள்மேல் புலால் நாறும். தள்ளி நில் என்கிறாள். இங்கே தொழில் பின்னணி அல்ல, வாதம். தன் உழைப்பின் நாற்றத்தையே சாட்சியாக வைத்து ஒரு பெண் தன் நிலத்தின் எல்லையைச் சொல்கிறாள். வெளியிலிருந்து வருகிறவன் எவ்வளவு நல்ல எண்ணத்தோடு வந்தாலும், அவன் கேட்க வேண்டிய குரல் அது.

பெண்களின் உழைப்பையும் டன்னாக மாற்றி விற்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே தராசில் ஏற்றுவதால் நியாயம் வந்துவிடாது. கேட்பது சில பத்திகளைத்தான். கரிமம் இத்தனை டன் என்று எழுதும் அறிக்கையில், அதற்கு எத்தனை மணிநேரம் யார் உழைத்தார்கள் என்று ஒரு பத்தி. காட்டின் அடிப்படை நிலையை வரையும்போது, அது அப்படி இருக்கக் காரணமானவர்களைப் பற்றி ஒரு பத்தி. விறகைக் கழிக்கும் இடத்தில், மாற்று என்ன கொடுத்தோம் என்று ஒரு பத்தி. வரவு விற்ற பணத்தில் முடிவெடுக்கும் குழுவில், சேற்றில் இறங்குகிறவர்கள் எத்தனை பேர் என்று ஒரு பத்தி. இவை எவையும் குழாயில் எடுத்த மண்ணின் எடையை ஒரு கிராம்கூட மாற்றாது.

அந்த வகுப்புக்குப் பிறகு மாணவிகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். ஒரு சேலை தறியில் ஏறியதிலிருந்து இறங்கும்வரை, வீட்டில் அதற்காக யார் எத்தனை மணிநேரம் செலவிட்டார்கள் என்று எழுதி வர வேண்டும். தார் சுற்றலைச் சொன்ன பெண் மூன்று நாள் கழித்துத்தான் கொண்டுவந்தாள். அம்மாவிடம் கேட்டபோது, "இதெல்லாமா எழுதுவாங்க?" என்று கேட்டாராம். பிறகு அவரே பக்கத்தில் உட்கார்ந்து, விட்டுப்போனதையெல்லாம் சொல்லிச் சொல்லி எழுதவைத்தாராம். நோட்டில் நாலு பக்கம் இருந்தது.